மாசி மகத்தில் சொன்ன பெயர்

ஆற்றங்கரையில் சாமி தன் அப்பாவுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பா என்றால் பெற்றவர் இல்லை. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை கிடையாது. நானே பிள்ளையாக இருந்து காரியம் செய்கிறேன் என்று அண்ணாமலையார் ஒருமுறை வாயை விட்டுவிட்டார். ராஜா போய் அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் தைப்பூசத்தன்று சாமி சாவுச் சேதி கேட்டு மேளதாளம் இல்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு வரைக்கும் வந்து ஆற்றில் இறங்குகிறார். வயிற்றில் பிறந்த பிள்ளைகள் இவரிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

கூட்டத்தை விட்டுத் தள்ளி, முழங்கால் தண்ணீரில் உமாமகேஸ்வர குருக்கள் நின்றிருந்தார். காரியம் செய்ய ஆளில்லாமல் போனவர்களின் பெயரை யாராவது வந்து சொன்னால், சாமி திதி கொடுக்கிற அதே நேரத்தில் இவரும் எள்ளும் தண்ணீரும் விடுவார். சாஸ்திரத்தில் இதற்கு இடம் உண்டா என்று மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இவர் வருஷா வருஷம் வந்து நின்றார்.

அடுத்தது கன்னியம்மாளின் முறை.

அடி அண்ணாமலையிலிருந்து விடிவதற்கு முன்பே வண்டி கட்டி வந்திருந்தார்கள். கூடக் கொழுந்தன் தருமனும் மருமகள் சரோஜாவும்.

மகன் வேடியப்பன் பட்டாளத்துக்காரன். சீனாக்காரனோடு நடந்த சண்டையில் காணாமல் போனவன். வந்த கடிதத்தில் அப்படித்தான் இருந்தது, காணவில்லை என்று. செத்தான் என்று இல்லை. கன்னியம்மாள் அதை வாத்தியாரிடம் கொடுத்து மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

அதற்கு முன்னால் அவன் எழுதிய கடைசிக் கார்டில் குளிரைப் பற்றி நாலு வரி இருந்தது. பெண்டாட்டிக்கென்று ஒரு வரி கிடையாது. ஊரே படிக்கும் என்ற வெட்கம்தான்.

பனிமலையில் காணாமல் போனவன் நாலு மாசம் கழித்து எங்கிருந்து வருவான் என்று தருமன் கேட்டான். அதில் தப்புச் சொல்ல முடியாது. வேடியப்பனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன். சின்னப் பெண் எத்தனை காலத்துக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காருவாள், ஒரு முடிவு வேண்டாமா என்று அழுதுகொண்டேதான் கேட்டான். வேடியப்பனுக்குப் பிள்ளையும் இல்லை, எடுத்துப் புதைக்க உடம்பும் இல்லை. சாமியே பிள்ளையாக நிற்கிற நாளில் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டால் அவன் தாகமாவது தீரும் என்றான்.

பெயரைச் சொல்லிவிட்டால் சாயந்திரம் சரோஜாவின் தாலியைக் கழற்றியாக வேண்டும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

சரோஜாவுக்குப் பத்தொன்பது வயது. தலையில் கனகாம்பரம். காலையில் அதை வைத்துவிட்டது கன்னியம்மாள்தான்.

குருக்கள் தர்ப்பையைச் சரிசெய்துகொண்டு பெயரைக் கேட்டார்.

கன்னியம்மாள் இன்னும் ஓரடி தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"சொல்லுங்க அண்ணி. சாமி கெளம்பிடப் போறாரு," என்றான் தருமன்.

சரோஜா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை தானாகப் போய்த் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. கன்னியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள்.

பிறகு பெயரைச் சொன்னாள்.

"முருகையன்."

தருமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவன் அண்ணன் பெயர். கன்னியம்மாளின் புருஷன் பெயர்.

கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவள் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. எந்தப் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லியிருக்கிறாள்? ஓட்டுப் போடப் போன இடத்தில்கூடப் பக்கத்தில் நின்றவளைச் சொல்ல வைத்தவள் அவள்.

வேடியப்பன் தவழ்ந்துகொண்டிருந்தபோது முருகையன் பர்மா சண்டைக்குப் போனான். அப்போதும் ஒரு கடிதம் வந்தது. அதிலும் காணவில்லை என்றுதான் இருந்தது.

அதன் பிறகு இருபத்தொரு வருஷம் அவள் பூவையும் விடவில்லை, பொட்டையும் விடவில்லை. காணும் பொங்கலன்று ஊரே படையல் எடுத்துக்கொண்டு இடுகாட்டுக்குப் போகும். அவளும் போவாள். மாமனார் மாமியார் மேட்டைக் கூட்டி மெழுகி விளக்கேற்றுவாள். புருஷனுக்கு மட்டும் இலை போட விட்டதில்லை. வர வேண்டிய ஆளுக்கு எதற்குப் படையல் என்று சண்டைக்கு வருவாள். ஊர் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டது.

தருமன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

குருக்களுக்கு இதெல்லாம் தெரியாது. எள்ளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"அவருக்குப் புள்ளை இல்லையாம்மா? இருந்தா அவன்னா பண்ணணும்?"

கன்னியம்மாள் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தன் நெற்றியைக் கழுவினாள். குங்குமம் மூக்கின் மேல் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இருக்கான் சாமி. பட்டாளத்துல இருக்கான். வர்றதுக்கு நாளாவும்."