ஜன்னலைச் சாத்தாதீங்க

இண்டூர் இசபெல்லாவின் பேய்க் காதல் நாவல் அடுத்த வாரம் வெளிவருகிறது. கணவர் செபாஸ்டின் அதை முழுதாக வாசித்து, கேசட்டில் பதிவு செய்து கொடுத்திருந்தார். சமையலறையில் டேப்பை ஓடவிட்டு, தன் கதைக்குத் தானே சொக்கிப் போவாள் இசபெல்லா.

"செத்தாலும் உன்னை விடமாட்டேன் கண்ணே!"

செபாஸ்டின் வீட்டில் இல்லாத நேரத்தில் ஆண் குரலைக் கேட்ட பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி மிரண்டுபோய்ப் பூசாரி சென்றாயனைக் கூட்டி வந்துவிட்டாள். அவர் வேப்பிலையோடு ஜன்னலடியில் உட்கார்ந்தார்.

"பேய் உள்ளதான் இருக்குதுங்க. ஜன்னலைச் சாத்தாதீங்க. நாளைக்கும் வர்றேன்."

மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் இசபெல்லாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பூசாரி, அது பேயில்லீங்க. நான் எழுதுன கதை, கேசட்டுல ஓடுது."

"மொத நாளே தெரியுமுங்க." பூசாரி குரலைத் தாழ்த்தினார். "நேத்து பாதியில கரண்டு போயிருச்சே, அந்தப் பொண்ணு பேயைக் கட்டிக்கிட்டாளா, இல்லீங்களா?"