எந்த டயர்?

"அண்ணா, பனியில நாலு சக்கர பைக் ஓட்டணும்னா எந்த டயர் போடணும்?"

சகாதேவனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் அம்மா ஜோதியம்மாள். விடியற்காலையில் போய்விட்டாள். கனடாவில் பண்ணை வேலை பார்க்கும் தம்பி கலையரசனுக்கு உடனே சேதி சொன்னான். தம்பி அழுதான். "ரோடெல்லாம் பனி மூடிக் கெடக்குதுண்ணா, பாக்கறேன்" என்றான். அதற்கப்புறம் இப்போதுதான் கூப்பிடுகிறான்.

"ஷெட்டுல ரெண்டு செட் இருக்குது. ஒண்ணு பெரிய பெரிய பட்டன் வெச்சது. இன்னொண்ணு அகலமா, சப்பையா இருக்குது. டயர் கடைக்காரன் நீ, சொல்லுண்ணா."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. வேங்கிக்கால் வீட்டில் கூடியிருந்த சொந்தமெல்லாம் கேட்டது.

"பெத்தவ இங்க கெடக்கறா, இவனுக்குப் பைக் சவாரி கேக்குதா?" சித்தி ராஜம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சகாதேவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எதையாவது போட்டு ஓட்டுடா! இனிமே எனக்குப் போன் பண்ணாத!"

"அண்ணா, அதுக்கில்ல..."

இணைப்பைத் துண்டித்து, போனையும் அணைத்தான்.

"இனி யாருக்காகக் காத்திருக்கணும்?" என்றாள் சித்தி. சாயந்திரமே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் வாசலில் டாக்ஸி வந்து நின்றது. கலையரசன் இறங்கினான். விரல்களில் கட்டு. காலை இழுத்து இழுத்து நடந்தான்.

கூடத்தில் மாலை போட்ட போட்டோவைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"பைக் ஓட்டி முடிச்சிட்டியாப்பா?" என்றாள் சித்தி.

"முடியல சித்தி. ஏர்போர்ட் பஸ் நிக்கற எடம் வரைக்கும் கார் போகாது. பண்ணையில அது ஒண்ணுதான் இருந்துச்சு. பட்டன் டயரைப் போட்டேன். பாதி வழியில பனியைத் தோண்டிட்டு உள்ள எறங்கிடுச்சு. மீதியை நடந்தேன். அதுக்குள்ள பிளேன் போயிடுச்சு."

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அகலமான டயர், காற்று கம்மியாக. மணலில் போகிற மாதிரிதான். சகாதேவனுக்குத் தெரியும்.

கலையரசன் அவனைப் பார்த்தான். கோபமே இல்லை அந்தக் குரலில்.

"அடுத்த பிளேன்ல வர்றேன், அம்மாவைக் கொஞ்சம் வெச்சிருங்கன்னு சொல்றதுக்கு எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? உன் போன் ஆஃப்லயே இருந்துச்சுண்ணா."