ராக்காயி வீட்டு ரஷ்யாக்காரர்

"அந்தப் படத்தைக் கழட்டிக் குடு தங்கச்சி. மத்த எல்லாரும் குடுத்துட்டாங்க."

தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர் சிவசாமி, லயத்து வரிசை வீடுகளில் ராக்காயியின் ஒற்றையறைக் காம்பரா வாசலிலேயே நின்றார். கக்கத்தில் ஸ்டாலின் படங்கள் சுருளாக இருந்தன. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

"குடுக்க முடியாது தலைவரே," என்றாள் ராக்காயி. அடுப்பை ஊதுவதைக்கூட அவள் நிறுத்தவில்லை.

"முடியாதுன்னா எப்படி? கட்சியில முடிவெடுத்தாச்சு. நாளைக்கு அட்டன் டவுன்லேருந்து கட்சித் தோழர்மாரு வர்றாங்க. லயத்துல இந்தப் படம் தொங்குனா என் மானம் போயிரும்."

"கொண்டாந்ததே நீங்கதானே. இவருதான் ஏழைங்களுக்குத் தகப்பன்னு சொல்லிக் குடுத்தீங்க. உங்களுக்குத் தகப்பன் மாறுனா எங்க சுவரும் மாறணுமா?"

பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "அவ கண்ணாடி போட்டுல்ல மாட்டியிருக்கா. வெள்ளிக்கிழமை வந்தா பூவும் உண்டு. முருகனுக்கே மிச்சப் பூதான் தலைவரே."

சிவசாமிக்கு எரிச்சலாக வந்தது. எதைக் கொடுத்தாலும் சாமியாக்கிவிடுகிற சனம் என்று நினைத்துக்கொண்டார்.

"லெனின் படம் தர்றேன். இவரை விடப் பெரிய தலைவர்."

"அவரு வேணாம். இவரே இருக்கட்டும்."

சிவசாமி வாசற்படியில் உட்கார்ந்தார். கூட்டத்தில் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது.

"கேளு. இந்த ஆளு செத்தப்புறம், இவரு செஞ்ச அநியாயத்தை எல்லாம் இவரு கட்சிக்காரங்களே சபையில சொல்லிட்டாங்க. ஹங்கேரின்னு ஒரு நாடு. அங்க சனங்க இவரு சிலையை வடம் போட்டு இழுத்துச் சாச்சுட்டாங்க. அப்புறம் ரஷ்யாவோட டாங்கி வந்து சனங்களைச் சுட்டிருக்கு. நஸார் நானா கடை ரேடியோவுல என் காதால கேட்டேன்."

"இருக்கட்டும்."

"கூட இருந்த தோழர்களையே சிறையில போட்டவரு."

"இருக்கட்டுமே. எங்க சுவத்துல சும்மாதானே இருக்காரு."

இவளிடம் அரசியல் பேசி ஆகாது என்று சிவசாமி எழுந்தார். போகிற போக்கில்தான் அதைச் சொன்னார்.

"ஆம்பளைங்களைக் கூட்டிட்டுப் போயிருவாங்களாம். எங்கன்னு கேட்டா பதில் கிடையாதாம். உசிரோட இருக்கானா, செத்துட்டானான்னு தெரியாம பொம்பளைங்க வருசக்கணக்கா காத்துக் கெடந்திருக்காங்க."

ராக்காயியின் கையில் ஊதுகுழல் அப்படியே நின்றது.

"ஒரு சேதியும் இல்லாமலா?"

"ஒரு சேதியும் இல்லாம."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். தகரக் கூரையில் மழை வலுத்தது.

"அப்ப அந்தப் பொம்பளைங்க பொட்டு வச்சுக்கிட்டாங்களா, அழிச்சுட்டாங்களா?"

சிவசாமிக்குச் சிரிப்பு வந்தது. "அங்க ஏது பொட்டு..." என்று தொடங்கியவர், அவள் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் புருஷன் பெரியதம்பி, ஆத்தாளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவன். அவன் போன பிறகு, தோட்டத்துச் சனங்களுக்கு இலங்கைக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்தது. திரும்பி வருகிற வழி அடைபட்டது. அவன் எழுதுகிற கடதாசிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு நாள் நின்றேபோயின.

"தெரியல தங்கச்சி," என்றார் மெதுவாக.

ராக்காயி எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, படத்தை ஆணியிலிருந்து தானே கழற்றினாள்.

"கொண்டு போங்க. அத்தன பொம்பளைங்களைக் காக்க வச்சவரு எங்க வீட்டுல வேணாம்."

சிவசாமி கையை நீட்டினார். அவள் உடனே கொடுக்கவில்லை. உள்ளங்கையால் படத்தின் நெற்றியையும் கண்களையும் மறைத்தாள். மீசை மட்டும் தெரிந்தது. அதையே உற்றுப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்காரரு ஒரு போட்டோகூடப் புடிக்காமப் போயிட்டாரு அண்ணே," என்றாள். "இந்த மீசைதான் அவரு மாதிரியே இருந்துச்சு."