செத்தும் பணியில்

“என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுங்க சார். திங்கக்கிழமை வேற காலேஜ்ல சேரணும்.”

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று, வேலையில் சேர்ந்த அன்றே பூங்கோதையிடம் சக ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள். சுவர்த் திரையில் கல்லூரி முதல்வர் மகுடபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். ட்யூட்டராக நுழைந்து, துறைத்தலைவராகி, முதல்வராகி, நாற்காலியிலேயே மாரடைப்பில் போனவர். மறுநாளே நிர்வாகம் அவரைத் திரையில் ஏற்றி, வேலையைத் தொடர வைத்துவிட்டது.

“என்னம்மா அவசரம்? நான் செத்துப் பதினொரு வருஷமாச்சு. ஒரு நாள் லீவு போட்டிருக்கேனா?”

“உங்களுக்குப் போக இடமில்ல, இருக்கீங்க.”

“உன்னைப் பர்மனென்ட் பண்றேன். செத்தப்புறமும் பாடம் எடுக்கலாம். இந்த ஃபார்ம்ல ஒரு கையெழுத்து போடு, போதும்.”

“எங்க வம்சத்துலயே நான் ஒருத்திதான் டிகிரி வாங்கியிருக்கேன். பொணமான பிறகும் ‘கடைசி பெஞ்ச், சத்தம் போடாதே’ன்னு கத்தறதுக்கா வாங்கினேன்?”

“அப்ப சர்டிபிகேட் தர முடியாது.”

“நீங்க எப்படி சார் தருவீங்க? கை ஏது உங்களுக்கு?”

ஆசிரியர்களின் சர்டிபிகேட்டுகளைப் பூட்டி வைத்திருந்த பீரோவிலேயே சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்குப் பயந்தே இத்தனை வருஷமாக ஒருத்தரும் அதைத் தொட்டதில்லை. பூங்கோதை திறந்து, தன் கவரை உருவிக்கொண்டாள்.

“மெமோ கொடுப்பேன்!” என்று திரை அலறியது.

“கொடுங்க சார், உங்களுக்குத்தான் நேரம் நிறைய இருக்கே.”

பீரோவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வெளியே நடந்தாள். உள்ளே இன்னும் நாற்பத்திரண்டு பேருடைய கவர்கள் இருந்தன.