காலாவதிக் கட்டம்

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு சரக்குக்கும் நேரா, காலாவதி தேதின்னு புதுசா ஒரு கட்டம் சேத்துகீறேன். பழைய கேஸ் மாஸ்க் எதுன்னு இனிமே பட்டுன்னு தெரிஞ்சிடும்" என்றாள் கடையில் கணக்கு பார்க்கும் மகிமா.

திருவொற்றியூரில் பாதுகாப்புச் சாமான்கள் மொத்த வியாபாரம் செய்யும் ஆன்றோ அண்ணாச்சி, திரையைப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"இது இல்லாம எத்தனை நாளா அல்லாடினேன்! தேதி முடிஞ்சது எத்தனை இருக்கு?"

"இருநூறு. அதுங்க இனிமே வெசப் புகையைத் தடுக்காது. தூக்கிப் போட்டுடலாமா?"

"தூக்கிப் போடுறதா? சோதனை நடக்கிற பெரிய கம்பெனிக்கு அது தப்பித் தவறிப் போயிடக் கூடாதுன்னுதான் பயந்தேன். இனி கவலை இல்ல. இருநூறையும் மணலி கெமிக்கல் ஆலை காண்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அனுப்பு. அங்க எவன் தேதி பாக்கான்?"

மகிமா கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"அங்கதான் அண்ணாச்சி எங்க வூட்டுக்காரரு வேலை செய்றாரு."

அண்ணாச்சி அலமாரியைக் கைகாட்டினார்.

"அட, முதல்லயே சொல்லக் கூடாதா? அவருக்கு மட்டும் நல்லதா ஒண்ணு எடுத்துக்கம்மா."

மகிமா இருநூறுக்கும் பில் போட்டாள். பிறகு எழுந்துபோய், தேதி முடியாததாக ஒன்றைப் பொறுக்கி எடுத்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.