முகூர்த்தப் பட்டு

“முகூர்த்தப் பட்டுல கத்தரி படக் கூடாதும்மா” என்று தையற்காரர் மாசிலாமணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். புடவையைப் பாவாடை தனி, முந்தானை தனி என்று தைத்தால் சக்கர நாற்காலியில் சிக்காது. செண்பகவல்லி கேட்டது அவ்வளவுதான். நிச்சயதார்த்தத்தன்று கொசுவம் நாற்காலிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ள, நாலு பேர் அவளைக் குத்துவிளக்கைப் போலத் தூக்கி மேடையில் வைத்திருந்தார்கள்.

“அன்னைக்கு மாதிரியே தூக்கி வச்சுக்கலாம்டி” என்றாள் அம்மா.

செண்பகவல்லி மேசைமேலிருந்த கத்தரியை எடுத்து, மடியில் கிடந்த அரக்குப் பட்டைக் குறுக்கே வெட்டினாள். ஜரிகையில் கத்தரி திணறியது. விடாமல் அழுத்தினாள்.

“வெட்டுன பாவம் என் தலையில இருக்கட்டும். தைக்கிறத நீங்க பாருங்கண்ணே” என்று இரண்டு துண்டையும் நீட்டினாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“நான் உருட்டிக்கிட்டே வருவேன். தாலி கட்டுறவரு குனியட்டும்.”