முதல் குழியின் வெளிச்சம்

அவரவர் பிறந்தநாளன்று எல்லோரும் ஆய்வகத்தில் ஒரு துளி ரத்தம் கொடுத்தாக வேண்டும். தூத்துக்குடி ஆய்வகத்தில் வேலை செய்யும் ஜெசிந்தா, தன் அக்கா மகள் ரோஸ்லினின் துளியைச் சோதனைத் தட்டின் இரண்டாவது குழியில் விட்டாள். புற்றுநோய் தொடங்கியிருந்தால் அதன் நொதி குழியிலுள்ள சோதனை மருந்தோடு சேர்ந்து பச்சையாக மினுங்கும். குழி இருண்டே கிடந்தது.

"ஒண்ணுமில்லட்டி, நல்லா இருக்கே."

அம்மா செத்த வயதை அன்று எட்டியிருந்த ரோஸ்லின், சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். பிறகுதான் முதல் குழியைப் பார்த்தாள். அது பளீரென்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"அது யாரு சித்தி? பாவம்! பிழைச்சிருவாங்களா?"

மருந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தினமும் முதல் குழியில் விடுவது ரோஸ்லினின் அம்மா பிலோமினாவின் புற்றுச் செல்களைத்தான். அவளைப் புதைத்துப் பல வருடங்களாகியும் அவை குப்பிகளில் வளர்ந்துகொண்டிருந்தன. ரோஸ்லினுக்கு அது தெரியாது.

"அவ சாகமாட்டா" என்றாள் ஜெசிந்தா.

"நல்லவேளை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோஸ்லின் கிளம்பினாள்.

செல்களுக்குச் சத்துநீர் ஊற்றும் நேரமாகிவிட்டது. குப்பி கையில் வெதுவெதுப்பாக இருந்தது. "அக்கா, உன் மவ நல்லா இருக்கா" என்று சொல்ல வாயெடுத்த ஜெசிந்தா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். உள்ளே இருப்பது அக்காவா, அக்காவைத் தின்றதா என்று இத்தனை வருடங்களாகியும் அவளுக்குப் புரியவில்லை. மகளைப் பற்றி அதன் காதில் போட அவளுக்குப் பயமாக இருந்தது.

சத்துநீரை ஊற்றிக் குப்பியை மூடினாள்.